கஞ்சியா, டின் மாவா, குழாயா? புற்றுநோய் சிகிச்சையில் சாப்பாடு இறங்காதபோது எதைத் தேர்வது

ரங்கூனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்ளும் நோயாளியாக இருந்தாலும், மோல்மீனிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோவுக்கு வந்துபோகிறவராக இருந்தாலும், குடும்பங்கள் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கிறது, சட்டை தொளதொளக்கிறது. என்ஷூர் போன்ற டின் சத்து மாவு வாங்குவதா, வீட்டுக் கஞ்சியே போதுமா? மூக்கில் குழாய் போடலாம் என்று டாக்டர் சொன்னால் சம்மதிப்பதா, இன்னும் பத்து நாள் பார்ப்பதா? தினம் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிட்டால் என்ன?

நான்கும் வேறு வேறு வேலைக்கானவை. எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நோயாளிக்கு எவ்வளவு குறைகிறது, அந்தக் குறை இன்னும் எத்தனை நாள் நீடிக்கும் என்ற இரண்டும் தெரிந்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். தாமதம்தான் பெரிய எதிரி. இழந்த எடையை, முக்கியமாக இழந்த சதையை, சிகிச்சை நடுவில் திரும்பப் பிடிப்பது மிகவும் கடினம்.

## முதலில் கணக்கு

தேவை. சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி வேண்டும். புரதம் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையக் கூடாது, 1.5 கிராம் வரை கொடுக்க முடிந்தால் நல்லது. சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்குப் புரத அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். இங்கே பர்மாவில் எடை பவுண்டில்தான் பார்க்கிறோம், அதை 2.2 ஆல் வகுத்தால் கிலோ. 110 பவுண்டு உள்ளவர் 50 கிலோ. அவருக்கு நாளுக்கு 1250 முதல் 1500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம்.

உள்ளே போவது. தட்டில் வைத்ததை எழுதாதீர்கள், விழுங்கியதை எழுதுங்கள். மூன்று நாள் எழுதினால் போதும். கணக்குக்கு உதவும் அளவுகள்: ஒரு முட்டை 70 கலோரி, 6 கிராம் புரதம். சிறு கோப்பைச் சோறு 200 கலோரி, 4 கிராம். ஒரு கோப்பை நீர்க்கஞ்சி 70 முதல் 100 கலோரி, புரதம் 2 கிராமுக்குள். கடலை எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. டின் பால் ஒரு மேசைக்கரண்டி 60 கலோரி. வெந்த மீன் 50 கிராம் துண்டு சுமார் 60 கலோரி, 11 கிராம் புரதம்.

ஒருவர் காலையில் டின் பால் தேநீர், பகலில் ஒரு கோப்பை கஞ்சி, மாலையில் ஒரு முட்டையும் பாதி வாழைப்பழமும், இரவில் இன்னொரு கோப்பை கஞ்சி சாப்பிட்டார் என்று வையுங்கள். "அப்பா நாலு வேளையும் சாப்பிடுறார்" என்று வீட்டில் சொல்வார்கள். கூட்டினால் 420 கலோரி வரும். 1250-க்கு இது மூன்றில் ஒரு பங்குதான். புரதம் 12 கிராமைத் தாண்டாது.

எடை. வாரம் ஒரு முறை, அதே தராசில், காலையில், செருப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் 5 சதவிகிதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அது எச்சரிக்கை. 110 பவுண்டுக்காரருக்கு ஐந்தரை பவுண்டுதான். காலிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் தராசு பொய் சொல்லும். அப்போது மேற்கையையும் தொடையையும் பாருங்கள்.

நாட்கள். வாய், தொண்டைக்குக் கரண்டு வைப்பது வழக்கமாக வாரம் 5 நாள் வீதம் 6 முதல் 7 வாரம் ஓடும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் புண் தொடங்கும். கடைசி வாரத்திலும் முடிந்த பிறகு இரண்டு வாரமும் உச்சத்தில் இருக்கும். அப்புறம்தான் மெல்ல ஆறும். ஆக, சாப்பாட்டுத் தொல்லை சிகிச்சை முடிகிற நாளோடு முடிவதில்லை. பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குத் திட்டமிட வேண்டும். கீமோவில் மட்டும் இருப்பவருக்கோ பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றிலும் முதல் ஐந்தாறு நாள் மோசம், பிறகு பசி திரும்பும். ஒரே கலோரிக் குறை இருந்தாலும் இந்த இருவருக்கும் தேர்வு வேறு.

விழுங்குவது பாதுகாப்பா. தண்ணீர் குடிக்கும்போது இருமல், குடித்தபின் குரல் நனைந்ததுபோல் கரகரப்பது, சாப்பிட்ட பிறகு காய்ச்சல் ஆகியவை இருந்தால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது எவ்வளவு நல்ல கஞ்சியும் நிமோனியாவைக் கொண்டுவரும். மருத்துவர் பார்க்கும்வரை வாய்வழியாக ஊட்டுவதை நிறுத்துங்கள்.

வீடு. யார் சமைப்பது, இரவில் யார் விழித்திருப்பது, மின்சாரம் எத்தனை மணி நேரம் இருக்கும், ஃப்ரிட்ஜ் வேலை செய்யுமா என்பதையும் கணக்கில் சேருங்கள். கூச்சப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இவற்றோடு ஒரு கேள்வியும் உண்டு. சாப்பிடாததற்குக் காரணம் உணவுதானா? மார்ஃபினும் வாந்தி மாத்திரைகள் சிலவும் மலச்சிக்கலைக் கொண்டுவரும். நாலு நாள் போகாத வயிற்றுக்குப் பசி எங்கிருந்து வரும்? நாக்கில் சுரண்டினால் வரும் வெள்ளைப் படலம் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுத்தாலே சிலருக்கு வாய் திறக்கிறது. வாந்தி மாத்திரையும் அப்படித்தான். கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அதில் பாதியளவு உப்பும் ஒரு கோப்பை வெதுவெதுப்பான கொதித்தாறிய நீரில் கலந்து, சில மணிக்கொரு முறை கொப்பளித்துத் துப்பலாம். இந்தச் சில்லறைக் காரணங்களைத் தீர்க்காமல் டின் மாவு வாங்கினால் அந்தக் காசு வீண்.

## வீட்டுக் கஞ்சி, கனம் கூட்டியது

நாளுக்கான தேவையில் முக்கால் பங்காவது வாய்வழியே இறங்குகிறது, விழுங்குவதில் ஆபத்து இல்லை என்றால் இதுதான் முதல் தேர்வு. சமையலுக்குள்ளேயே கலோரியை ஏற்றிவிட்டால் அளவு கூடாமல் சத்து கூடும்.

மூன்று மேசைக்கரண்டி அரிசியும் ஒன்றரை மேசைக்கரண்டி பாசிப்பருப்பும் போட்டுக் குழைய வேகவிடுங்கள். அடுப்பு சிறுதீயில் இருக்கும்போதே அடித்த முட்டை ஒன்றை மெல்லிய இழையாக ஊற்றிக் கிளறி, முட்டை முழுக்க வெந்த பிறகு ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விடுங்கள். பர்மியர் ஸான்ப்யோவில் (அரிசிக் கஞ்சி) செய்வதுபோல் பிய்த்த கோழியோ முள் நீக்கிய மீனோ சேர்க்கலாம். கோழி இல்லாமலே இது சுமார் 400 கலோரி, 14 கிராம் புரதம். நீர்க்கஞ்சியில் இதே கலோரிக்கு நான்கைந்து கோப்பை குடிக்க வேண்டும். இரண்டு முறையாகப் பிரித்துக் கொடுங்கள்.

பர்மாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வரப்பிரசாதம் ஷான் தோஹூ. ஆறு மேசைக்கரண்டி கடலை மாவை 400 மி.லி. நீரில் கட்டியில்லாமல் கரைத்து, துணியில் வடித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து, அடிபிடிக்காமல் கால் மணி நேரம் கிளறினால் வழவழவென்று வரும். அதில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். 300 கலோரிக்கும் 10 கிராம் புரதத்துக்கும் குறையாது. வாய் புண்ணாகி சோற்றுப் பருக்கை கூடக் குத்துகிற நாளில் இது வழுக்கிக்கொண்டு இறங்கும். இறைச்சி சாப்பிடாத வீட்டுக்கும் ஏற்றது. மிளகாய்ப் பொடி, வறுத்த வேர்க்கடலை, பூண்டுப் பொரியல் எல்லாம் புண் ஆறும்வரை வேண்டாம்.

இடையில் குடிக்க: ஒரு தம்ளர் பால், இரண்டு மேசைக்கரண்டி பால்மாவு, ஒரு மேசைக்கரண்டி டின் பால், பாதி வாழைப்பழம். அடித்தால் 300 கலோரிக்கு மேல், 12 கிராம் புரதம். பால் குடித்து வயிறு போகிறவருக்குச் சோயாப்பால். கீமோவுக்குப் பிறகு சிலருக்குத் தற்காலிகமாகப் பால் செரிக்காமல் போகும். முன்பு ஒத்துக்கொண்டதே என்று வற்புறுத்தாதீர்கள்.

மறைவான செலவு காசில் இல்லை, ஆளில் இருக்கிறது. நாளுக்கு ஆறு முறை, ஒவ்வொரு முறையும் புதிதாக, ஒருவர் நின்று செய்ய வேண்டும். தாளிக்கும் வாசனையும் ஙாப்பி (புளித்த மீன் விழுது) வாசனையும் குமட்டலைக் கிளப்பும். அந்த நேரத்தில் நோயாளியை முன்னறைக்கு அனுப்பிவிட்டு, உணவை ஆறவைத்துக் கொடுங்கள். சூடு குறைந்தால் வாசனையும் குறையும்.

இந்த வழி தோற்கும் இடம் ஒன்று உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு அடிவயிற்றில் கரண்டு வைப்பவர்களுக்குப் பேதி வரும். எண்ணெய் ஊற்றிக் கனம் கூட்டிய கஞ்சி அதை மோசமாக்கும். அவர்களுக்கு எண்ணெயைக் குறைத்து, முட்டை, மீன், குழைந்த சோறு, வாழைப்பழம் என்று கொண்டுபோங்கள். பருப்பு, அவித்த பட்டாணி, கீரை எல்லாம் பேதி நிற்கும்வரை ஓரமாக இருக்கட்டும். போகிற நீருக்கு ஈடாக உப்புச் சர்க்கரைக் கரைசலும் வேண்டும்.

வெள்ளை அணுக்கள் குறைந்த நாட்களில் தெருவோர லப்பெத்தோ (ஊறவைத்த தேயிலைக் கலவை), வெட்டி வைத்த பழம், அரைவேக்காட்டு முட்டை, ஐஸ் போட்ட கரும்புச்சாறு வேண்டாம். வீட்டில் அப்போதே சமைத்த சூடான மோஹிங்காவுக்கு (மீன் குழம்பு நூடுல்ஸ்) தடையில்லை.

சர்க்கரையும் சோறும் புற்றுக்குத் தீனி என்று கேள்விப்பட்டு இரண்டையும் நிறுத்திவிடுகிற குடும்பங்கள் உண்டு. சர்க்கரையை நிறுத்தினால் கட்டி சுருங்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. நோயாளி சுருங்குவார். நீரிழிவு உள்ளவர், ஸ்டீராய்டு எடுப்பவர் மட்டும் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். அதுபோல, தீமிதிக்கோ ஆடி மாதத்துக்கோ நேர்ந்துகொண்ட விரதத்தை நோயாளி இருக்க வேண்டாம். அவர் பெயரில் வீட்டில் வேறொருவர் இருக்கட்டும்.

## டின் மாவு

என்ஷூர் போன்ற மாவுகள் லேபிளில் போட்ட அளவுப்படி கலந்தால் ஒரு மி.லி.க்கு சுமார் ஒரு கலோரி தரும். ஒரு தம்ளருக்கு 230 கலோரி, 9 கிராம் வரை புரதம். மேலே சொன்ன பால் கலவை கலோரியில் இதைவிடக் கூடுதல் என்பதைக் கவனியுங்கள். பிறகு ஏன் காசு கொடுக்க வேண்டும்? மூன்று காரணங்கள். விட்டமினும் தாது உப்பும் அளவாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு தம்ளரும் ஒரே மாதிரி இருக்கும். அடுப்பும் ஃப்ரிட்ஜும் இல்லாமல், மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் ஐந்து மணி நேரத்திலும் கலக்கலாம். பெரும்பாலான மாவுகளில் பால்சர்க்கரை இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும், லேபிளைப் பாருங்கள்.

இங்கே நடக்கிற பெரிய தவறு தண்ணீர். டின் விலை கையைக் கடிக்கிறது என்று ஆறு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போடுகிறார்கள். அந்தத் தம்ளரில் 75 கலோரிதான் இருக்கும், வயிறு மட்டும் நிறையும். அப்புறம் நோயாளி கஞ்சியும் குடிக்க மாட்டார். நீர்க்கக் கலந்த மூன்று தம்ளரைவிடச் சரியாகக் கலந்த ஒரு தம்ளர் மேல்.

வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு தம்ளருக்கு சுமார் 54 கிராம் மாவு. 400 கிராம் டின் ஏழு தம்ளருக்குச் சற்று மேலே வரும். நாளுக்கு மூன்று தம்ளர் என்றால் ஒரு டின் இரண்டரை நாள் கூட வராது. ஆறு வாரத்துக்குப் பதினேழு டின். இந்த எண்ணைப் பார்த்த பிறகு, முடியாது என்றால் நாளுக்கு ஒரு தம்ளர் மாவு, மீதிக்கு வீட்டுப் பால் கலவை என்று முதல் நாளே முடிவெடுங்கள். நடுவில் நின்றுபோகிற ஏற்பாட்டைவிட இது நல்லது.

கலக்கும்போது கொதிநீர் ஊற்றினால் கட்டி தட்டும், வெதுவெதுப்பான கொதித்தாறிய நீர் போதும். ஒரே மூச்சில் குடிக்கவைத்தால் வயிறு உப்பும், பேதியாகும். அரை மணிக்கு ஒரு முறை நாலைந்து மடக்கு என்று ஒரு தம்ளரை ஒன்றரை மணி நேரம் ஓட்டலாம். கலந்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். திறந்த டின்னை மூன்று வாரத்துக்குள் முடியுங்கள். இரைப்பையை வெட்டி எடுத்தவருக்கு இனிப்பான பானம் வேகமாகக் குடலுக்குள் இறங்கி வியர்வை, படபடப்பு, மயக்கம் வரும். அவருக்கு மிகச் சிறிய அளவு, திட உணவிலிருந்து பிரித்து.

தேவையில் 60 முதல் 75 சதவிகிதம் உணவால் வருகிறது, மீதிதான் குறை என்பவருக்கு டின் மாவு சரியான தேர்வு. வெறும் மூன்றில் ஒரு பங்கு சாப்பிடுகிறவரை மாவால் மட்டும் தூக்கிவிடலாம் என்று வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் இதன் பெரிய மறைவான செலவு.

## மூக்குக் குழாய்

ஒரு வாரமாகவே தேவையில் 60 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கிறது, இன்னும் இரண்டு வாரமாவது அப்படித்தான் இருக்கும் என்றால் குழாயைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. குழாய் என்றால் முடிவு நெருங்கிவிட்டது என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. சிகிச்சையில் இருப்பவருக்கு அது முடிவின் அடையாளமில்லை, பாதி வழியில் போடும் பாலம். கூன்யாவால் (மெல்லும் வெற்றிலைப் பாக்கு) வந்த வாய்ப்புற்றுக்கு முகத்தில் வலை முகமூடி மாட்டிக் கரண்டு வைக்கிறார்கள். எடை இறங்கினால் முகமூடி தளர்ந்து குறி விலகும், மறுபடி அளவெடுத்துத் திட்டம் போட வேண்டிவரும், சிகிச்சை தடைப்படும். குழாய் அந்தத் தடையைத் தவிர்க்க உதவுகிறது.

குழாய் போட சில நிமிடம் போதும், அறுவை கிடையாது. பொதுவாக நாலு முதல் ஆறு வாரத் தேவைக்கு இது ஏற்றது. மலிவான பிவிசி குழாயை ஒரு வாரம் பத்து நாளில் மாற்ற வேண்டும், மென்மையான பாலியூரித்தேன், சிலிக்கான் குழாய்கள் நாலு முதல் ஆறு வாரம் தாங்கும். விலை கேட்கும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஊட்டும் விதம்: நோயாளி சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், தலை 30 முதல் 45 டிகிரி உயரத்தில். குழாய் மூக்கு நுனியைத் தொடும் இடத்தில் உள்ள சென்டிமீட்டர் எண்ணை முதல் நாளே எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அதே எண்தானா என்று பாருங்கள். ஊசி மாட்டாத ஊசிக் குழலால் (சிரிஞ்ச்) குழாயிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, அமில அளவைக் காட்டும் pH தாளில் வைத்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும், அப்போதுதான் குழாய் இரைப்பையில் இருக்கிறது. காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்பதை நம்ப வேண்டாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எண் கூடலாம். சந்தேகம் வந்தால் ஊட்டாமல் மருத்துவமனையைக் கேளுங்கள். முதலில் 30 மி.லி. நீர். பிறகு 50 மி.லி. ஊசிக் குழலின் தண்டைக் கழற்றிவிட்டு, அதைக் குழாயில் பொருத்தி, தலைக்கு ஒரு சாண் மேலே பிடித்து உணவை ஊற்றுங்கள். அது தானாக இறங்க வேண்டும், அழுத்தக் கூடாது. வேகமாக இறங்கினால் கையைத் தாழ்த்துங்கள், நின்றால் சற்று உயர்த்துங்கள். 250 மி.லி.க்கு 20 முதல் 30 நிமிடம். முடிவில் மறுபடி 30 மி.லி. நீர், அதன்பின் ஒரு மணி நேரம் படுக்கவிடாதீர்கள். இப்படி நாளுக்கு ஆறு முறை.

குழாயில் எதை ஊற்றுவது என்பது தேர்வுக்குள் இன்னொரு தேர்வு. மாவுக் கலவை ஆறு முறை 250 மி.லி. போனால் 1500 கலோரி. வீட்டில் அரைத்து வடித்த சோறு, பருப்பு, முட்டை, காய் கலவை பெரும்பாலும் மி.லி.க்கு 0.7 கலோரியைத் தாண்டாது. கெட்டியாக்கினால் குழாய் அடைக்கும். அதே ஆறு முறையில் 1050 கலோரிதான் கிடைக்கும். வடிகஞ்சியை மட்டும் ஊற்றினால் அதில் பாதி கூடத் தேறாது, குழாய் இருந்தும் எடை இறங்குவதற்கு இதுதான் வழக்கமான காரணம். மூன்று முறை மாவு, மூன்று முறை வீட்டுக் கலவை என்ற ஏற்பாடு காசுக்கும் கலோரிக்கும் நடுவில் நிற்கிறது. மின்வெட்டு உள்ள வீட்டில் காலையிலேயே நாள் முழுக்க வேண்டியதை அரைத்து வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியாக இருந்தால் 24 மணி நேரம், இல்லையென்றால் இரண்டு மணி நேரம். மின்சாரம் வருகிற வேளையில் வீட்டுக் கலவை, இல்லாத வேளையில் மாவு என்று மாற்றிக்கொள்ளலாம்.

தோஹூவையும் கடலை மாவுக் கஞ்சியையும் குழாயில் விடவே கூடாது. ஆறும்போது அது கட்டியாகிவிடும், குழாய்க்குள்ளும் அப்படியே உறையும். அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான நீரை ஊசிக் குழலால் மெல்லத் தள்ளியும் இழுத்தும் பாருங்கள். கம்பி விட்டுக் குத்தினால் குழாயோடு உணவுக்குழலும் கிழியும். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொடித்து, நீரில் கரைத்து, நடுநடுவே நீர் விட்டுக் கொடுங்கள். மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரையைப் பொடித்தால் பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போய் மூச்சை நிறுத்தலாம். கீமோ மாத்திரையை வீட்டில் பொடிக்கவே கூடாது.

ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றும் சாப்பிடாதவருக்குக் குழாய் போட்ட அன்றே முழு அளவு கொடுப்பது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சடாரென்று இறங்கி இதயத்தைத் தாக்கும். முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் போகாமல், தயமின் (விட்டமின் பி1) கொடுத்த பிறகு, ரத்தப் பரிசோதனையோடு ஏற்ற வேண்டும். இதை மருத்துவமனையிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

## வயிற்றுக் குழாய்

எண்டோஸ்கோப் (நுனியில் கேமரா உள்ள குழாய்) உதவியோடு வயிற்றுத் தோலிலிருந்து நேரே இரைப்பைக்குள் போடுவது. ஆறு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இது மேல். முகத்தில் ஒன்றும் தெரியாது, மூக்கு உறுத்தாது, குழாய் அகலம் என்பதால் அடைப்பும் குறைவு, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போகலாம்.

விலை, எண்டோஸ்கோப் செய்யும் இடத்துக்குப் போய்வருவது, ஓட்டையைச் சுற்றிச் சீழ், அரிதாக வயிற்றறைக்குள் தொற்று என்று செலவுகள் உண்டு. வயிற்றில் நீர் கோத்தவருக்கும் ரத்தம் உறையாதவருக்கும் போட மாட்டார்கள். உணவுக்குழல் புற்றுக்குப் பின்னால் அறுவை இருந்தால், இரைப்பையையே இழுத்துப் புதுக் குழலாகத் தைப்பார்கள். அதனால் இரைப்பையில் ஓட்டை போடும் முன் அறுவை மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். அங்கே சிறுகுடலில் குழாய் போடுவது பொருத்தமாகலாம். புதிதாகப் போட்ட குழாய் முதல் சில வாரத்துக்குள் கழன்று விழுந்தால் சில மணி நேரத்தில் வழி மூடிவிடும். வீட்டில் திரும்பச் செருக முயலாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோயாளி இருக்கும் ஊரில் அது முடியுமா என்பதையும் யோசியுங்கள். ரங்கூனில் போட்டுக்கொண்டு தொலைவில் உள்ள கிராமத்துக்குத் திரும்புகிறவருக்கு மூக்குக் குழாயே சுலபம்.

எந்தக் குழாயாக இருந்தாலும், மருத்துவர் தடுக்காதவரை தினம் சில மடக்கு நீரோ கஞ்சியோ விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வாரக்கணக்கில் வேலை செய்யாத தொண்டைத் தசை இறுகிவிடும். புண் ஆறிய பிறகும் விழுங்க முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

## குளுக்கோஸ் பாட்டில்

500 மி.லி. 5 சதவிகித குளுக்கோஸில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. நூறு கலோரிக்குள். புரதம் துளியும் இல்லை. இரண்டு மேசைக்கரண்டி டின் பால் இதைவிட அதிகம் தரும். ஏற்றிய அன்று தெம்பு வருவது உண்மை, உடலில் வற்றியிருந்த நீர் திரும்பியதால் வருவது அது. வாந்தியோ பேதியோ நிற்காமல் நீர் வற்றியவருக்கும், குடல் அடைத்தவருக்கும் டிரிப் வேண்டும். உணவுக்குப் பதிலாக என்றால் நாளும், நரம்பும், காசும் போகும். வெள்ளை அணு குறைந்தவருக்கு ஊசி போட்ட இடம் கிருமிக்குக் கதவு. நரம்பு வழியே முழு உணவும் கொடுக்கும் முறை வேறு. அது குடல் வேலை செய்யாதவருக்கு, பெரும்பாலும் மருத்துவமனைக்குள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | எப்போது | எவ்வளவு நாள் | மறைவான செலவு | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|---|
| கனம் கூட்டிய கஞ்சி | தேவையில் 75% வாயால் இறங்கும்போது | வரையறை இல்லை | ஒருவரின் முழு நாள் உழைப்பு | விழுங்கும்போது இருமினால். பேதியில் எண்ணெய் |
| டின் மாவு | 60–75% இறங்கும்போது | சுற்றுக்குச் சில நாள் முதல் சில வாரம் | ஆறு வாரத்துக்குப் பதினேழு டின். நீர்க்கக் கலப்பது | உணவுக்கு முழு மாற்றாக, வாயால் விழுங்க முடியாமல் போன பிறகு |
| மூக்குக் குழாய் | 60%-க்குக் கீழே, ஒரு வாரமாக | 4–6 வாரம் | குழாய் மாற்றம், அடைப்பு, பயிற்சி | உணவுக்குழல் முழுக்க அடைத்தால் |
| வயிற்றுக் குழாய் | நீண்ட தேவை முன்பே தெரிந்தால் | மாதக்கணக்கில் | எண்டோஸ்கோப், சீழ், கழன்றால் அவசரம் | வயிற்றில் நீர், ரத்தம் உறையாமை |
| குளுக்கோஸ் | நீர் வற்றியபோது | ஓரிரு நாள் | பொய்யான நிம்மதி, தொற்று | உணவாக |

## யாருக்கு எது

மார்பகப் புற்றுக்குக் கீமோ எடுப்பவருக்குப் பெரும்பாலும் கஞ்சியும், மோசமான ஐந்து நாளுக்கு ஒரு டின் மாவும் போதும். அவர்களில் சிலருக்கு எடை கூடவும் செய்யும், எண்ணெயும் டின் பாலும் சேர்க்கும் முன் தராசைப் பாருங்கள்.

வாய், தொண்டைக்குக் கரண்டும் கீமோவும் சேர்ந்து எடுப்பவர் தொடங்கும்போதே எடை குறைந்திருந்தால், முதல் வாரத்திலேயே குழாய் பற்றி முடிவெடுங்கள். தேவை மூன்றாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம்வரை, ஏழெட்டு வாரம். மூக்குக் குழாயின் எல்லையைச் சற்றுத் தாண்டுகிற கணக்கு இது. தங்கும் இடம் ரங்கூனிலேயே என்றால் வயிற்றுக் குழாய், புண்ணும் வெள்ளை அணுக் குறைவும் வரும் முன்பே. ஊர் திரும்ப வேண்டியவர், அல்லது எண்டோஸ்கோப் நாள் தள்ளிப்போகிறவர் மென்மையான மூக்குக் குழாயைப் போட்டுக்கொள்ளலாம். எடை நன்றாக இருந்து இன்னும் விழுங்குகிறவர் கஞ்சியும் மாவுமாகத் தொடங்கி, வாரா வாரம் தராசில் ஏறட்டும். ஒரு வாரத்தில் 2 பவுண்டுக்கு மேல் இறங்கினால் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் குழாய் பற்றிப் பேசுங்கள்.

கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உணவுக் கேள்வியை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நோய் முற்றி, சிகிச்சையை நிறுத்திவிட்ட கடைசி வாரங்களில் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. உடல் உணவை ஏற்பதை விட்டிருக்கும். குழாய் வழியே ஊற்றுவது ஆயுளைக் கூட்டாது, வாந்தியும் மூச்சுத் திணறலும் கொண்டுவரலாம். பசிக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இல்லை என்றே சொல்வார்கள். சாப்பிடவில்லையே என்று அவர் முன்னால் அழாதீர்கள். உதட்டில் எண்ணெய் தடவுங்கள், ஈரத் துணியால் வாயைத் துடையுங்கள், ஐஸ் துண்டு ஒன்றை நாக்கில் வையுங்கள். டின் பால் ஊற்றிய தேநீர் ஒரு கரண்டி கேட்டால் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து அந்த ஒரு கரண்டியை மெதுவாகக் கொடுங்கள்.